துண்டுப் பிரசுரத்துக்கு ஊர் ஏன் அசையவில்லை: நீங்கள் படிக்க வேண்டிய சில நூல்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கல்குளம் தாலுகாவில் ஒரு ஊர். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து, ஊர்க்குளத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தப் பார்க்கிறீர்கள். அடுத்து சீதனத்துக்கு எதிராகவும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. இரண்டு மாதம் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தாயிற்று, பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம் போயாயிற்று, குளக்கரையில் பலகையும் வைத்தாயிற்று. குப்பை குறையவில்லை. மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவது பற்றியும் சமூக மாற்றம் பற்றியும் உருப்படியாக எதைப் படிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இந்த மாவட்டத்தில் இருபத்தைந்து வருடம் மகளிர் குழுக்களோடு வேலை செய்தவள் நான். விஷயம் தெரியாததால்தான் ஜனங்கள் தவறு செய்கிறார்கள், எடுத்துச் சொன்னால் மாறிவிடுவார்கள் என்று நம்பித்தான் நானும் தொடங்கினேன். அந்த நம்பிக்கையை விட எனக்கு எட்டு வருடம் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். சீதனத்துக்குப் பேர்போன மாவட்டமும் இதுவே. படித்த பெண், படித்த மாப்பிள்ளை, இரு பக்கமும் ஆசிரியர் குடும்பம்; அங்கேயும் பவுன் கணக்கு நடக்கிறது. தெரியாமலா நடக்கிறது? நன்றாகத் தெரியும். ஊரில் யார் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பழக்கத்தையும் தொட முடியாது. நான் சொல்லப்போகிற நூல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தன.

முதலில் நம் தேரூர்க்காரர் எழுதியதைப் படியுங்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்றிருந்த முறைப்படி, ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளும் கட்டிய மனைவியும் உகந்துடைமை என்று கிடைக்கும் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு, அதற்கும் வழக்காடிக்கொண்டு நிற்க வேண்டும். கவிமணி இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதவில்லை. ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லுவதாகப் பாடினார். மாமியார், நாத்தனார், குடும்பத்தை ஆளும் தாய்மாமனான காரணவர், சொத்துக்கு வாரிசான மருமகன், வீட்டுக்குள் நடக்கிற சண்டை, கோர்ட் செலவு எல்லாம் வரும். 1917-18 வாக்கில் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. ஏற்கெனவே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த வீடுகளில் போய் விழுந்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து வாரிசு முறையை மாற்றியது. பாட்டால் மட்டும் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சமுதாயத்துக்குள் இளைஞர்கள் ஏற்கெனவே சங்கம் சேர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வீடும் ‘நம் வீட்டில் மட்டும்தான் இப்படி’ என்று மறைத்து வைத்திருந்ததை, ‘எல்லா வீட்டிலும் இப்படித்தான்’ என்று வெளியே கொண்டுவந்து போட்டது அந்தப் பாட்டு. அது எவ்வளவு பெரிய வேலை என்பது சீதனத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இரண்டாவது, எவரெட் ரோஜர்ஸ் எழுதிய ‘டிஃப்யூஷன் ஆஃப் இன்னோவேஷன்ஸ்’. 1962-இல் வந்த நூல். ஒரு புதிய வழக்கம் ஒரு கூட்டத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் பொருள். தடித்த புத்தகம், முழுவதும் படிக்க அவசியமில்லை. முதல் அத்தியாயத்தில் பெரு நாட்டின் லாஸ் மோலினாஸ் என்ற கிராமத்துக் கதை வரும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஏறக்குறைய 200 குடும்பங்கள். நெலிடா என்ற சுகாதாரப் பணியாளர் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னார். புதிதாகக் காய்ச்சத் தொடங்கியது 11 வீடுகள்.

ஏன்? அந்த ஊரில் ஒவ்வொரு உணவுக்கும் சூடு, குளிர்ச்சி என்று ஒரு குணம் உண்டு. காய்ச்சின தண்ணீர் நோயாளிக்கு உரியது என்பது அவர்கள் வழக்கம். நன்றாக இருக்கிறவள் காய்ச்சிக் குடித்தால் அவள் சீக்காளி என்று அர்த்தம். கிருமி என்று நெலிடா சொன்னது அவர்கள் காதில் ஏறவே இல்லை. சம்மதித்தவர்களில் ஒருத்தி ஏற்கெனவே நோயாளியாக அறியப்பட்டவள். இன்னொருத்தி மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவள். அந்த ஊரார் மதிப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை, ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. நெலிடா சந்தோஷமாக அவர்களிடமே திரும்பத் திரும்பப் போனார். ஊர் மதிக்கிற பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் நானும் அதையேதான் செய்திருந்தேன். கழிப்பறை கட்டும் திட்டத்தில் முதலில் சம்மதித்தவர்கள் வீட்டுக்கே நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். அவர்கள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் இருந்தவர்கள், எங்கள் நிறுவனத்தில் கடன் வாங்கியவர்கள். நடுத்தெருவில் எல்லோரும் யோசனை கேட்கப் போகிற ஒரு பாட்டி இருந்தார். நல்லது கெட்டது எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஒருநாள்கூட உட்காரவில்லை. கட்டின கழிப்பறைகளில் பாதியில் விறகும் தேங்காய்க் கதம்பலும் அடுக்கியிருந்தார்கள்.

ரோஜர்ஸ் ஒரு புதிய பழக்கம் பரவுவதற்கு ஐந்து குணங்களைச் சொல்லுவார். பழையதைவிட மேலானதாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே உள்ள வழக்கத்தோடு ஒட்ட வேண்டும். சுலபமாக இருக்க வேண்டும். கொஞ்சம் செய்து பார்த்து விடவும் முடிய வேண்டும். செய்வது அடுத்தவர் கண்ணில் பட வேண்டும். கடைசியதற்கு நம் பக்கத்து உதாரணமே போதும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது. எழுதப் படிக்கக் கற்றது வீட்டுக்குள் நடக்கும், யாருக்கும் தெரியாது. சைக்கிள் ரோட்டில் போகும். ஒருத்தி போவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். பி. சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்’ நூலில் இதைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் பாருள்ள சைக்கிளையே ஓட்டிப் போனதை எழுதியிருப்பார்.

இனி உங்கள் குளத்துக்கு வருகிறேன். ராபர்ட் சியால்டினியின் ‘இன்ஃப்ளூயன்ஸ்’ 1984-இல் வந்தது, உலகம் முழுக்க விற்கிறது. வியாபாரிகள்தான் அதிகம் படிக்கிறார்கள், உங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய நூல். அதைவிட, அவரும் கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனையைத் தேடிப் படியுங்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒரு நோட்டீஸ் செருகி வைத்தார்கள். வண்டிக்காரர் வந்து அதை எடுத்துக் கீழே போடுகிறாரா என்று மறைந்திருந்து பார்த்தார்கள். இடம் சுத்தமாக இருந்தால் 14 சதவீதம் பேர் கீழே போட்டார்கள். ஏற்கெனவே குப்பையாக இருந்தால் 32. குப்பையான இடத்தில் இன்னொருவர் போடுவதைக் கண்ணால் கண்டுவிட்டால் 54. சுத்தமான இடத்தில் ஒருவர் மட்டும் போடுவதைக் கண்டால்? வெறும் 6. சுத்தமான தரையில் விழுந்த ஒற்றைக் காகிதம், ‘இங்கே யாரும் போடுவதில்லை’ என்பதை இன்னும் பளிச்சென்று காட்டிவிடுகிறது.

இதை நான் குளக்கரையில் பார்த்திருக்கிறேன். தோவாளைப் பக்கம் ஒரு ஊரில் மூன்று நாள் விடியற்காலையில் உட்கார்ந்து எண்ணினோம். ஐந்தரை மணி, பாதி இருட்டு. பைக்கில் வந்தவர் வண்டியை நிறுத்தவே இல்லை. வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலில் தொங்கின கவரை இடது கையால் எடுத்து, குவியலைப் பார்த்து ஒரு வீச்சு. போய்விட்டார். ‘குப்பை கொட்டி எல்லோரும் குளத்தை நாசமாக்காதீர்’ என்ற எங்கள் பலகை அவர் தலைக்கு நேராக நின்றது. அவர் கண் பலகைக்குப் போகவில்லை, குவியலுக்குத்தான் போனது. குவியல்தான் அங்கே உண்மையான அறிவிப்பு. ‘எல்லோரும்’ என்று எழுதி, மற்றவர்களும் போடுகிறார்கள் என்ற தகவலை நாங்களே பெரிய எழுத்தில் கொடுத்திருந்தோம்.

இன்னொன்றும் அந்த மூன்று நாளில் தெரிந்தது. கொட்டினவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊரே இல்லை. அடுத்த ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் வீசிவிட்டுப் போகிறவர்கள். நாங்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்த வீடுகளுக்கும் குளத்துக் குப்பைக்கும் பெரிய சம்பந்தமே இல்லை. அவர்கள் தெருவில் விசாரித்தபோது, குப்பை வண்டி காலை பத்து மணிக்கு வருகிறது, வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்றார்கள். வீட்டில் வைத்திருந்தால் நாய் இழுத்துப் போடும். மீன் கழிவு நாறும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் வேறென்ன செய்வேன் என்று யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குவியலை ஒரு துண்டு விடாமல் அள்ளினோம். படித்துறையைக் கழுவி, சரிந்து கிடந்த துவைகல்லை நிமிர்த்தி வைத்தோம். அங்கே துவைப்பதை விட்டுப் பல வருடமான பெண்களில் நாலைந்து பேர் திரும்ப வரத் தொடங்கினார்கள். ஆள் நடமாட்டம் வந்ததும் கவர் விழுவது குறைந்தது. பலகையை எடுத்துவிட்டோம். குப்பை வண்டியின் நேரத்தை மாற்ற ஐந்து மாதம் நடந்தோம். நடுவில் கொஞ்ச காலம் குப்பை இருநூறு மீட்டர் தள்ளி வாய்க்கால் ஓரத்துக்கு மாறியது, அங்கேயும் போய் அள்ளினோம். அள்ளின இடத்தை மறுநாளே போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒரு கவர் இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் நான்கு கிடக்கும்.

பிளாஸ்டிக் விஷயத்திலும் இதே கதைதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சந்தையில் சாளை மீன் வாங்குகிறவள் கையில் அப்போது என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இறைச்சியைத் தேக்கிலையில் பொதிந்து வாங்கின மாவட்டம் இது. அந்த இலை கடைக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவரை யாரும் யாருக்கும் விழிப்புணர்வு ஊட்டவில்லை.

கூட்டம் போட்டுப் பேசுவது பற்றி ஒரு சிறு கட்டுரை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சி போர்முனைக்குப் போனதால், இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்கும்படி இல்லத்தரசிகளைப் பழக்க வேண்டியிருந்தது. குர்ட் லெவின் என்ற உளவியலாளர் செஞ்சிலுவைத் தொண்டு செய்த பெண்களை வைத்துப் பார்த்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு, சத்துக் கணக்கு, சமையல் குறிப்பு எல்லாம் கொடுத்தார்கள். மற்றக் குழுக்களில் பெண்களே பேசினார்கள்: வீட்டுக்காரர் என்ன சொல்லுவார், நாற்றத்துக்கு என்ன செய்வது என்று. கடைசியில் யாரெல்லாம் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினார்கள். பிறகு விசாரித்ததில், சொற்பொழிவு கேட்டவர்களில் சமைத்தது 3 சதவீதம். கை தூக்கின குழுக்களில் 32. மகளிர் குழுவிலோ கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டத்திலோ நீங்கள் அரை மணி நேரம் பேச வாய்ப்புக் கிடைத்தால், இருபத்தைந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள்.

சீதனம் வேறு ரகம். இதற்குக் குவியலை அள்ளுவது போன்ற வழி கிடையாது. ஒரு குழுவில் நான் நாள் முழுக்க இதைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு எல்லோரையும்விட உறுதியாகப் பேசின ஒருத்தி, ஆறு மாதம் கழித்து மகளின் நிச்சயப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டாள். முன்னறையில் பாய் விரித்து, நேந்திரம் சிப்ஸும் காப்பியும் வைத்திருந்தார்கள். பையனின் அம்மா மிகவும் அமைதியானவர். “நாங்க ஒண்ணும் கேக்கல்ல. உங்க பிள்ளைக்கி உள்ளத நீங்க செய்யுங்க” என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, மூத்த மருமகள் எத்தனை பவுன் போட்டு வந்தாள் என்பதையும் சொன்னார். யாரும் குரலை உயர்த்தவில்லை. இவள் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். எல்லோரும் போன பிறகு அடுக்களையில் வைத்து என்னிடம் சொன்னாள்: “அக்கா, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். எனக்க மக மட்டும் போடாம போனா, நாளைக்கி அந்த வீட்டுல அவளுக்குத்தான கொறை?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது முழுக்க நியாயம். பல வருடம் கழித்து, ஜெரி மேக்கி என்பவர் 1996-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் பதில் கிடைத்தது. சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தை இறுகக் கட்டிச் சிறியதாக்கும் கொடுமை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு நடந்தது. தாய்மார்களே கட்டினார்கள். மகளின் அலறலைக் கேட்டுக்கொண்டே கட்டினார்கள். கட்டாத காலுள்ள பெண்ணுக்கு நல்ல வரன் கிடையாது என்பதால். டிங்சியன் என்ற வட்டாரத்தில் 1889-இல் 99 சதவீதம் பெண்களுக்குக் கட்டியிருந்தது, 1899-இல் 94, 1919-இல் புதிதாகக் கட்டுவதே நின்றுபோனது. ஆயிரம் வருடத்து வழக்கம் ஒரே தலைமுறையில் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ‘இயற்கைப் பாதச் சங்கம்’ என்று ஊர்தோறும் தொடங்கினார்கள். சேருகிற குடும்பம் இரண்டு உறுதி கொடுக்க வேண்டும்: என் மகளுக்குக் கட்ட மாட்டேன், என் மகனுக்குக் கட்டின காலுள்ள பெண்ணை எடுக்க மாட்டேன். இரண்டாவது உறுதியில்தான் உயிர் இருக்கிறது. கட்டாமல் விட்ட பெண்ணுக்கு வரன் இல்லை என்ற பயத்தை, சங்கத்துக்குள்ளேயே வரன் வைத்துத் தீர்த்தார்கள். எல்லோரும் சேர வேண்டியதில்லை. தங்களுக்குள் கொடுத்து வாங்கப் போதுமான குடும்பங்கள் சேர்ந்தால் போதும், பிறகு மற்றவர்களே வருவார்கள்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். உங்கள் பன்னிரண்டு பேரும் ‘சீதனம் வாங்க மாட்டோம்’ என்று தனித்தனியே சபதம் எடுப்பதில் அர்த்தமுண்டு, ஆனால் அது அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் ஆகாது. திருமணம் ஊருக்குள் நடப்பதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில்வரை, சில நேரம் சென்னைவரை, ஒரே சபை, ஒரே சமுதாயம், ஒரே ஜமாத் என்று விரிந்த வட்டத்துக்குள் நடக்கிறது. உறுதிமொழி அந்த வட்டத்துக்குள் நடக்க வேண்டும். அதிலும் மகன் உள்ள வீடுகள் முதலில் வர வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் வர வேண்டும். பெண் வீட்டாரைக் கூட்டி வைத்து ‘கொடுக்காதீர்கள்’ என்று பேசுவது அவர்களை இன்னும் வதைப்பதுதான். நான் பேசினது அத்தனையும் பெண்ணைப் பெற்றவர்களிடம். அதை நினைக்க இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கிறிஸ்டினா பிக்கியேரியின் ‘நார்ம்ஸ் இன் தி வைல்ட்’ 2016-இல் வந்தது. மேக்கி சொன்னதற்கு அளவுகோல் கொடுக்கிற நூல். ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுகிறார்: நீங்கள் எதைச் சரி என்று நினைக்கிறீர்கள்? மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதாக நினைக்கிறீர்கள்? சீதனத்தில் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் வரும் பதில்களை எழுதி, பெயர் இல்லாமல் ஒரு கூட்டத்தில் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலோர் மனதுக்குள் வெறுப்பதும், ஆனால் மற்றவர்கள் விரும்புவதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருப்பதும் வெளியே வரும். கவிமணி பாட்டில் செய்த வேலை இதுதான்.

இதற்குப் பிறகு வரலாறு. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைப் படிக்காமல் இந்த மாவட்டத்தில் யாரும் சமூக மாற்றம் பற்றிப் பேசக்கூடாது என்பேன். ராபர்ட் ஹார்ட்கிரேவின் ‘தி நாடார்ஸ் ஆஃப் தமிழ்நாட்’ என்ற 1969-ஆம் ஆண்டு நூலும், ஆர். என். யேசுதாஸ் 1975-இல் எழுதிய ‘எ பீப்பிள்ஸ் ரிவோல்ட் இன் திராவன்கோர்’ நூலும் நல்ல தொடக்கம். போராட்டம் 1822-இல் தொடங்கியது, 1827 முதல் 1829வரை மீண்டும் எரிந்தது. 1829-இல் வந்த அரசாணை மேல்சீலையை மறுத்தது. சந்தைகளில் பெண்களின் துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள், கிறிஸ்தவச் சிற்றாலயங்களும் எரிந்தன. 1858-இல் மறுபடி மூண்டு, 1859 ஜூலை 26-இல் பிரகடனம் வந்தது. அந்தப் பிரகடனத்திலும்கூட, மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதமாக அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. முப்பத்தேழு வருடம் போராடிக் கிடைத்தது அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் ஊர் மாறவில்லை என்று சோர்ந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். கிழிபடும் என்று தெரிந்தே மறுநாளும் மேல்சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் நம் பாட்டிகளின் பாட்டிகள்.

அதோடு, அதே காலத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராக நின்ற அய்யா வைகுண்டர். ஜி. பேட்ரிக்கின் ‘ரிலிஜன் அண்ட் சபால்டர்ன் ஏஜென்சி’ அவரது இயக்கத்தைப் பற்றிய கவனமான ஆய்வு. முடிந்தால் 1841-இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் பார்ப்பது ஒன்று. அவர் கூட்டத்தைக் கூட்டிச் சமத்துவம் என்று உபதேசித்ததோடு நிறுத்தவில்லை, செய்யக் கொடுத்தார். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி வந்து வணங்கச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லோரையும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். துவையல் பந்தியில் சேர்ந்து இருந்து, துவைத்து உடுத்து, ஒன்றாக உண்ணப் பழக்கினார். பதி என்ற வழிபாட்டிடத்தில் கண்ணாடியை வைத்தார். குனிந்தே நடந்து பழகினவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்து வணங்குகிறார். பிறகு ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் என்ற சிறு வழிபாட்டிடங்கள் வந்தன, அங்கே இதெல்லாம் வாராவாரம் திரும்ப நடந்தது. மனதை மாற்றினால் நடத்தை மாறும் என்று புத்தகங்கள் சொல்லும். நடத்தை முதலில் மாறி மனம் பின்னால் வந்ததற்கு, அவருடைய தலைமைப் பதி இருக்கும் சாமித்தோப்பைவிடப் பக்கத்தில் சான்று கிடையாது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சுசீந்திரம் வழியாகப் போங்கள். அந்தக் கோயில் தெருக்களில் நடக்க 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல்தான் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

மற்ற நூல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பானர்ஜியும் டூஃப்ளோவும் எழுதிய ‘புவர் எகனாமிக்ஸ்’ 2011-இல் வந்தது. உதய்பூர் கிராமங்களில் தடுப்பூசி முகாம் ஒழுங்காக நடந்ததும், முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதத்திலிருந்து 17-க்கு ஏறினார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு என்றதும் 38. எதிர்ப்பு என்று நாம் நினைப்பது பல நேரம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற தள்ளிப்போடல்தான். எலினோர் ஆஸ்ட்ரமின் ‘கவர்னிங் தி காமன்ஸ்’ 1990. துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்கள், நல்ல மீன்பாடு உள்ள இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, தினமும் ஒரு இடம் தள்ளிப் போகிற மாதிரி முறை வைத்துக்கொண்டதை விவரிப்பார். கரையிலிருந்து வலை இழுக்கும் கரமடி முறை தெரிந்த நம் கடற்கரைக்காரர்களுக்கு அதைப் படித்துக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருத்தமும் சொல்லுவார்கள். குளத்துக்கும் அந்த நூல் பொருந்தும். மடை திறக்கிற நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ரிச்சர்ட் பாஸ்கேலும் ஸ்டெர்னின் தம்பதியும் எழுதிய ‘தி பவர் ஆஃப் பாசிட்டிவ் டீவியன்ஸ்’ இன்னொன்று. வியட்நாமில், ஏழை வீடுகளிலேயே நன்றாக வளர்ந்த குழந்தைகளைத் தேடிப்போய், அந்தத் தாய்மார் வயலில் கிடைத்த சிறு இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்ப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் சீதனம் வாங்காமல் மருமகளை எடுத்த ஒரு வீடாவது இருக்கும். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று போய்க் கேளுங்கள்.

சின்னத் தூண்டுதல்களால் பழக்கத்தை மாற்றுவது பற்றித் தேலரும் சன்ஸ்டீனும் எழுதிய ‘நட்ஜ்’ படிக்கலாம், ஆனால் அளவோடு நம்புங்கள். படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், ஒரு வாக்கியத்தைப் படிக்கவைத்தால் போதும் என்று சொன்ன பல சோதனைகள் திரும்பச் செய்தபோது தேறவில்லை. படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று 2012-இல் வந்து பிரபலமான ஆய்வுக் கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. டேனியல் கானமேன் தம் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ நூலின் ஓர் அத்தியாயத்தில், பலமில்லாத ஆய்வுகளைக் கூடுதலாக நம்பிவிட்டதாகப் பிற்பாடு தாமே ஒப்புக்கொண்டார். அது பெரிய மனது. அதனாலேயே அந்த நூலை மதிக்கிறேன்.

இந்த வகை நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. ஏழைகளின் பழக்கமே பிரச்சினை என்று எண்ண வைத்துவிடும். குப்பை வண்டி பத்து மணிக்கு வந்தது யாருடைய பழக்கம்? இதற்கு மருந்தாக அம்பேத்கரின் ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’ படியுங்கள். 1936-இல் லாகூரில் ஒரு மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் நிறுத்தப்பட்டு, அவரே அச்சிட்டு வெளியிட்ட உரை. பெரியார் அந்த நாட்களிலேயே தமிழாக்கி ‘குடி அரசு’வில் கொண்டுவந்தார். மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் சாதி பார்க்கவில்லை, அவர்கள் மதித்து நடக்கும் சாத்திரம் அப்படிச் சொல்கிறது என்பதால் பார்க்கிறார்கள் என்று அதில் அவர் காட்டுகிற இடத்தை மெதுவாகப் படியுங்கள். பாவ்லோ ஃபிரேயிரின் ‘பெடகாஜி ஆஃப் தி ஒப்ரெஸ்டு’ தமிழிலும் வந்திருக்கிறது. கடினமான நடை, ஆனால் எதிரே இருப்பவரைக் காலிப் பாத்திரம் என்று நினைத்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்த கைக்கு அது தேவை.

வரிசை கேட்டீர்கள். குளத்துக்காக ரோஜர்ஸின் முதல் அத்தியாயமும் சியால்டினியும் இப்போது போதும். அதற்கும் முன்னால் மூன்று நாள் விடியற்காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு குளக்கரையில் உட்காருங்கள். யார், எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு, கவரில் என்ன என்று எழுதுங்கள். சீதனத்தில் அவசரப்படாமல் மேக்கியையும் பிக்கியேரியையும் ஆறு மாதம் எடுத்துப் படியுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக்கொண்டு, வாரத்தில் ஒருநாள் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மான்மியம் சிறிய நூல், ஒரே மாலையில் முடிந்துவிடும். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள், முடிந்தால் வீட்டிலிருக்கிற பாட்டிமார்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சில் உங்களுக்குப் புரியாத சொற்களுக்கு அவர்களிடம் பொருள் இருக்கும்.